பேட் மாற்றியும் தீராத முன்சக்கர பிரேக் தொல்லை: காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற கனரக பிக்கப் வண்டிகளில், பேடும் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் துண்டு) டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) மாற்றிய சில மாதங்களிலேயே கருகல் வாடை, ஒரு பக்கம் இழுப்பு, ஸ்டியரிங் நடுக்கம் எல்லாம் திரும்பி வருவதுண்டு. பேடும் டிஸ்க்கும் அடிபடுகிற பொருள்கள்தான். அடிப்பது எது என்று தெரியாமல் மறுபடியும் புதிது வாங்குவது காசைக் கரியாக்குகிற வேலை.

படி 1: சூட்டைப் பாருங்கள்

பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் முன் டிஸ்க்குகளை அளந்து பாருங்கள். கையால் தொடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் கோளாறு அந்தச் சக்கரத்தில். இரண்டும் கொதித்தால் மாஸ்டர் சிலிண்டரை (மிதிப்பானை மிதிக்கும்போது பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் உறுப்பு) சந்தேகியுங்கள்.

படி 2: பிளீடர் சோதனை

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி இந்த எடைக்குப் பக்கத்தில் கை வைக்கவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், காலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) உள்ள பிளீடர் திருகை (திரவத்தையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) சற்றே தளர்த்துங்கள்.

பிரேக் திரவம் பீய்ச்சியதும் சக்கரம் விடுபட்டால், மேலிருந்து வந்த அழுத்தம் திரும்பிப் போகவில்லை என்று பொருள். ஒரு சக்கரம் மட்டும் இப்படி என்றால் பெரும்பாலும் காலிப்பருக்குத் திரவம் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ்தான் (குழாய்) காரணம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். மிதிக்கும்போது திரவத்தை விடும், திரும்பும்போது தடுக்கும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். மாற்றும்போது இரு பக்கமும் மாற்றுங்கள். திருகைத் தளர்த்தியும் விடுபடாவிட்டால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது.

படி 3: பழைய பேடைப் படியுங்கள்

காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. இரு பேடுகளையும் அருகருகே வையுங்கள். பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் தகடு தெரியத் தேய்ந்து, வெளிப்பேட் தடிமனாக நின்றால், முதலில் ஸ்லைடு பின்னைப் பாருங்கள். இழுத்தால் துருவும் காய்ந்து கட்டிய கிரீஸும் சேர்ந்து வரும். பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கலாம், அல்லது பேட் அமரும் இடத்தில் துரு ஏறியிருக்கலாம்.

துருவால் குழி விழுந்த பின்னை மாற்றுங்கள். பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸை மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை வீங்கவைத்துவிடும்.

படி 4: நடுக்கம் இருந்தால் ஹப்

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. ஹப் (டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதி) முகப்பில் படிந்த துருவின் மேல் புது டிஸ்க் இம்மி பிசகி உட்கார்ந்து, ஓட ஓட அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. உப்புத் தூவும் பனிப்பிரதேசச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் இது சகஜம். ஹப்பை உலோகம் பளிச்சிடத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையேட்டிலுள்ள அளவுக்கு முடுக்குங்கள்.

படி 5: பாரம்

டிரெய்லர் இழுக்கிறீர்களா? அதன் பிரேக்கோ வண்டியின் பின் பிரேக்கோ சரியாகப் பிடிக்காவிட்டால் முன்சக்கரங்கள்தான் வெந்து போகும். திரவத்தையும் கவனியுங்கள்: டாட் 3 வகை பிரேக் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140.

எல்லாம் பூட்டி, காற்று நீக்கியபின், மிதிப்பான் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். அதற்கு முன் கியரைத் தொடாதீர்கள்.