ஆபீஸுக்கு பெரிய ஸ்டோரேஜ் வாங்கறீங்களா? எல்லா ஸ்லாட்டையும் நிரப்பிடாதீங்க

ஆபீஸுக்கு நாஸ் பாக்ஸ் (ஸ்லாட்ல டிஸ்க் சொருகி, நெட்வொர்க் வழியா எல்லாரும் ஃபைல் வெச்சுக்கற பெட்டி) வாங்கணும்னு வர்றவங்க எல்லாரும் "எத்தனை டிபி போடலாம்?"னுதான் கேக்கறாங்க, அது நிறைஞ்சா அடுத்து என்ன பண்றதுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. இந்த ஃபீல்டுக்கு வந்த புதுசுல நாங்க பண்ண அதே தப்பு அப்படியே திரும்ப நடக்குது. ரெய்டு (டிஸ்க் செத்தாலும் டேட்டா நிக்கற மாதிரி பல டிஸ்க்கை ஒண்ணா சேக்கற முறை) இருந்தாலும் பேக்கப் தனியா வேணும், யுபிஎஸ் இல்லாம ஓட்டாதீங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, நான் விட்டுடறேன்.

சின்ன டிஸ்க்கா வாங்கி எல்லா ஸ்லாட்டையும் அடைக்கறது

இதை பாக்கறப்பல்லாம் எனக்கு இன்னும் கோவம் வருது. மதுரைல ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோ. எட்டு ஸ்லாட் பாக்ஸ், எட்டுலயும் 4 டிபி டிஸ்க், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்கு போயிடும்). கைல 28 டிபி. "பின்னாடி பெருசாக்கிக்கலாம் சார்"னு வித்தவர் சொல்லியிருக்கார். 4கே ஃபுட்டேஜ், ஒரு கல்யாணத்துக்கு மூணு கேமரா, தை மாசமும் வைகாசியும் வந்தா எந்த பாக்ஸும் தாங்காது, நிறைஞ்சிருச்சு.

இப்ப பெருசாக்கணும்னா காலி ஸ்லாட்டே இல்ல. ஒரு பழைய டிஸ்க்கை உருவிட்டு பெரிய டிஸ்க்கை சொருகி, ரீபில்ட் (புது டிஸ்க்ல டேட்டாவை திரும்ப நிரப்பறது) முடியறவரை காத்திருந்து, அப்புறம் அடுத்தது, இப்படி எட்டு தடவை, எட்டும் மாறினாதான் ஒரு ஜிபியாவது கூடும் (சைனாலஜிங்கற நாஸ் கம்பெனியோட எஸ்எச்ஆர் மாதிரி முறைல ரெண்டு டிஸ்க் மாத்தினதுமே கொஞ்சம் கூடும், சாதா ரெய்டு 5-ல அது கிடையாது). இதுல ஆபத்து என்னன்னா, ரெய்டு 5-ல ஒரு டிஸ்க்கை உருவின நிமிஷத்துல இருந்து ரீபில்ட் முடியற வரைக்கும் பாதுகாப்புன்னு ஒண்ணுமே இல்ல, மிச்ச ஏழு டிஸ்க்கையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சாகணும், அதுல ஒண்ணு தகராறு பண்ணினா முடிஞ்சது. அங்க அதான் நடந்துச்சு. எடிட்டிங்கை நிறுத்தாம ஓட்டிட்டே மாத்திட்டு இருந்தாங்க, மூணாவது டிஸ்க் ரீபில்ட் ஓடிட்டு இருக்கறப்ப இன்னொரு பழைய டிஸ்க்ல ரீட் எரர், அரே (டிஸ்க் எல்லாம் சேந்த தொகுப்பு) மொத்தமா படுத்துருச்சு. அந்த சீசன்ல எடுத்த கல்யாணங்கள்ல பாதிக்கு பேக்கப் இல்ல. பொண்ணு வீட்டுக்கு போன் போட்டு சொல்ல வேண்டியதாச்சு. தாலி கட்டறதை திரும்ப எடுக்க முடியுமா?

அதே பாக்ஸ்ல 12 டிபி டிஸ்க் நாலு மட்டும் போட்டு ரெய்டு 6 (பாதுகாப்புக்கு ரெண்டு டிஸ்க் அளவு போகும்) வெச்சிருந்தா 24 டிபி வந்திருக்கும். ஆரம்பத்துல காசு கொஞ்சம் கூட ஆகியிருக்கும், ஆனா நாலு ஸ்லாட் காலி. வேணுங்கறப்ப ஒரு டிஸ்க் வாங்கி சொருகினா 12 டிபி கூடும், எட்டும் நிறையறப்ப 72. ரெண்டு டிஸ்க் ஒண்ணா போனாலும் டேட்டா நிக்கும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி விக்கறவர்கிட்ட கேளுங்க: நாளைக்கு ஒரே ஒரு டிஸ்க் வாங்கி போட்டா எவ்ளோ இடம் கூடும், எவ்ளோ நேரம் ஆகும், அந்த நேரத்துல ஒரு டிஸ்க் செத்தா தாங்குமா? பதிலை கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. ஒரே வால்யூம் (ஒரே டிரைவா தெரியற இடம்) எவ்ளோ வரைக்கும் போகும்னும் கேளுங்க, சைனாலஜில நிறைய மாடல்ல 108 டிபிதான் எல்லை.

ட்ரூநாஸ் (நாஸுக்கான சாஃப்ட்வேர்) மாதிரி இசட்எஃப்எஸ்ல (அதுல ஓடற ஃபைல் சிஸ்டம்) போறவங்களுக்கு: ரெய்டு-இசட்ல (இசட்எஃப்எஸ்ஸோட சொந்த ரெய்டு முறை) ஒத்தை டிஸ்க் சேக்கற வசதி ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-லதான், அதாவது 2025 ஜனவரிலதான் வந்துச்சு (ட்ரூநாஸ்ல மட்டும் 2024 அக்டோபர்லயே). அதுக்கு முந்தின வீடியோவெல்லாம் பாத்து குழம்பிக்காதீங்க. பழைய ஃபைல் எல்லாம் பழைய கணக்குலயே (டேட்டாவுக்கு எவ்ளோ, பாதுகாப்புக்கு எவ்ளோங்கற விகிதம்) இருக்கும், திரும்ப எழுதினாதான் முழு இடமும் கிடைக்கும்.

எக்ஸ்பான்ஷன் பாக்ஸை ஒரே பூலா சேக்கறது

எக்ஸ்பான்ஷன் பாக்ஸ்ங்கறது மெயின் பாக்ஸோட கேபிள்ல மாட்டற கூடுதல் டிஸ்க் பெட்டி. ரெண்டையும் ஒரே பூலா (டிஸ்க் எல்லாம் சேந்த ஒரே சேமிப்பு இடம்) சேத்தா, ஒரு கேபிள் கழண்டா மொத்த பூலும் படுத்துரும். அதுக்கு தனி பூல் போடுங்க.

எஸ்எம்ஆர் டிஸ்க்

இந்த வகை டிஸ்க் ட்ராக்கை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதும், ரீபில்ட்ல ஆமை வேகம்தான், சில சமயம் பாதியிலேயே அரேல இருந்து கழண்டுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்ல 2-ல இருந்து 6 டிபி வரை சில மாடல் இப்படித்தான்னு 2020-லதான் வெளிய தெரிஞ்சுது, அதுக்கப்புறம் சிஎம்ஆர் (ட்ராக் மேல ட்ராக் ஏறாத சாதா வகை) டிஸ்க்கை ரெட் ப்ளஸ்னு பிரிச்சாங்க. பேரை பாத்து வாங்காம மாடல் நம்பரை டேட்டாஷீட்ல தேடி சிஎம்ஆர்தானான்னு பாத்துட்டு வாங்குங்க.

நெட்வொர்க்கை மறக்கறது

ஒரு ஜிகாபிட் லைன்ல செகண்டுக்கு 110 எம்பி சொச்சம்தான் வரும், அதை நாலு எடிட்டர் பங்கு போட்டா டைம்லைன் நின்னு நின்னுதான் போகும். டிஸ்க் பட்ஜெட் போடறப்பவே 10 ஜிகாபிட் ஸ்விட்சையும் சேத்து போடுங்க.

ஸ்பேர் டிஸ்க்

ஒண்ணு அலமாரில இருக்கட்டும். டிஸ்க் சனிக்கிழமை ராத்திரி போச்சுன்னா திங்கக்கிழமை வரைக்கும் கடை தொறக்க காத்திருக்க முடியாது.