கோச் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதியானவரா? வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கோச்சைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "சூப்பர் பவுல் ஜெயித்தாரா?" என்பதுதான். இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். மார்ட்டி ஷாட்டன்ஹைமர் விஷயத்தில் அது அப்படி முடிந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம். அதன் தொழில்முறை லீக் என்.எஃப்.எல்., அந்த லீக்கின் இறுதிப்போட்டிதான் சூப்பர் பவுல். ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரில் 1963-இல் திறக்கப்பட்ட ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைப்பதுதான் அங்கே உச்ச மரியாதை. மார்ட்டி 21 சீசன்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ், கான்சஸ் சிட்டி சீஃப்ஸ், வாஷிங்டன், சான் டியேகோ சார்ஜர்ஸ் என்று நான்கு அணிகள். லீக் ஆட்டங்களில் 200 வெற்றி, 126 தோல்வி, ஒரு டிரா. லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு வரும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் 5 வெற்றி, 13 தோல்வி. சூப்பர் பவுலுக்கு அவர் அணி ஒரு முறைகூடப் போனதில்லை. கேன்டனில் அவருக்கு இடமும் இல்லை.

கோப்பையை வாசற்கதவு மாதிரி நினைப்பதுதான் முதல் தவறு. பட் கிராண்ட் 1994-இல் ஹாலுக்குள் போனார், மார்வ் லெவி 2001-இல் போனார். இருவரும் ஆளுக்கு நான்கு சூப்பர் பவுல் ஆடி நான்கிலும் தோற்றவர்கள். "அவர்கள் அதுவரைக்குமாவது வந்தார்களே" என்பீர்கள். சரி, டான் கோரியெல் அதுவரைக்கும்கூட வந்ததில்லை. அவருக்கு லீக் ஆட்டங்களில் 111 வெற்றி, பிளேஆஃபில் மூன்றே வெற்றி. ஆனாலும் 2023-இல் சேர்த்தார்கள். பந்தை எறிந்து ஆடும் முறையையே மாற்றிய மனிதர், சேர்த்தது நியாயம்தான். இன்னொரு பக்கம், தலைமைப் பயிற்சியாளராக இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்த ஜார்ஜ் சீஃபர்ட் இன்னும் வெளியேதான் இருக்கிறார்.

அடுத்த தவறு பெரியது, எல்லோரும் செய்வது. 5-13 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, அந்தப் பதின்மூன்று ஆட்டங்களில் என்ன நடந்தது என்று பார்க்காமல் இருப்பது.

1987 ஜனவரி, கிளீவ்லேண்ட். பிரவுன்ஸ் ஏழு புள்ளி முன்னிலை. ஆறு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. டென்வர் அணி தன் எல்லைக் கோட்டிலிருந்து இரண்டே கஜத்தில் பந்தோடு நிற்கிறது. அங்கிருந்து ஜான் எல்வே 98 கஜம் நகர்த்திச் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் டென்வர் ஜெயித்தது. ஒரு வருடம் கழித்து அதே டென்வரோடு மறுபடி. இடைவேளையில் 21-3 என்று பின்தங்கியிருந்த பிரவுன்ஸ் கடைசி நிமிடங்களில் சமன் செய்யும் தூரத்துக்கு வந்துவிட்டது. கோட்டைத் தொடப் போகும்போது எர்னஸ்ட் பைனரின் கையிலிருந்து பந்து நழுவியது. அந்த மீட்சிக்கே அன்று பைனர்தான் காரணம் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1995 சீசனில் சீஃப்ஸ் 13 வெற்றி, 3 தோல்வி என்று முதலிடம் பிடித்தது. இண்டியானாபொலிஸோடு 10-7 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் உதைப்பவர் லின் எலியட் மூன்று ஃபீல்ட் கோல்களை, அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி தரும் வாய்ப்புகளை, தவறவிட்டார். ஒன்று உள்ளே போயிருந்தால் சமன்.

2006 சீசன் இதைவிடக் கொடுமை. 14-2 என்று வந்த சார்ஜர்ஸ், நியூ இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசிக் கால்பகுதியில் 21-13 என்று முன்னிலையில் இருந்தது. நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் எறிந்த பந்தை சார்ஜர்ஸின் மார்லன் மெக்கிரீ பிடித்துவிட்டார். தரையில் தட்டிவிட்டிருந்தாலே பந்து சார்ஜர்ஸுக்குத்தான். பிடித்ததோடு ஓடவும் பார்த்தார், எதிரணியின் டிராய் பிரவுன் அதைத் தட்டிப் பறித்தார், பந்து மறுபடி பிரேடியிடமே போனது. முடிவு 24-21. அடுத்த மாதமே மார்ட்டியை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இன்னொன்றும் உண்டு. முதலிடம் பிடித்த அணிக்கு பிளேஆஃபின் முதல் வாரம் ஓய்வு. அந்த ஓய்வு வெற்றிக் கணக்கில் சேராது. 1995, 1997, 2006 மூன்று சீசனிலும் மார்ட்டியின் அணி அப்படி ஒரு சுற்றைத் தாண்டி வந்து, சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றது. கணக்கில் ஏறியது தோல்வி மட்டும்தான்.

இதையெல்லாம் சொல்லும் ரசிகர்கள் உடனே எதிர்ப்பக்கத் தவறில் விழுகிறார்கள், எல்லாவற்றையும் துரதிர்ஷ்டத்தின் தலையில் போட்டுவிடுகிறார்கள். அதுவும் நேர்மை இல்லை. 2004 சீசனின் பிளேஆஃபில் சார்ஜர்ஸுக்கு நியூயார்க் ஜெட்ஸோடு கூடுதல் நேரம். இன்னும் கொஞ்சம் பந்தை முன்னே தள்ளியிருக்கலாம். ஓட்டத்தையே நம்பி, ஈரத் தரையில் 40 கஜ உதையை முதல் வருடப் பையன் நேட் கேடிங்கின் காலில் விட்டார். அது வலப்பக்கம் விலகிப் போனது. அந்த முடிவு மார்ட்டியுடையது. அவரை ஹாலில் பார்க்க விரும்பும் நான் இதை ஒளித்தால் என் வாதத்தை யார் நம்புவார்கள்?

பட்டப்பெயரை ஆய்வாக எடுத்துக்கொள்வதும் தவறு. 'மார்ட்டிபால்' என்றால் ஓட்டம், தடுப்பாட்டம், பயந்த ஆட்டம் என்று ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டது. 2006-இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்த அணி அவருடைய சார்ஜர்ஸ்தான், 492. லடேனியன் டாம்லின்சன் அந்த ஒரே சீசனில் 31 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது) போட்டுச் சாதனை படைத்தார்.

அவருக்கு நல்ல குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், கிடைக்கவில்லை என்ற சாக்கும் வேண்டாம். ஜோ மொன்டானா இரண்டு வருடம் இருந்தார், டுரூ பிரீஸ் நான்கு வருடம் இருந்தார். ஒருவர் கடைசிக் காலத்தில், மற்றவர் தொடக்கக் காலத்தில் என்பது மட்டும்தான் உண்மை.

சீடர்களைக் கணக்குக் காட்டும்போதும் கவனம் வேண்டும். பில் கவர், டோனி டஞ்சி, புரூஸ் ஏரியன்ஸ், மைக் மெக்கார்த்தி நால்வரும் மார்ட்டியிடம் உதவிப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள், பின்னால் தலைமைப் பயிற்சியாளர்களாக சூப்பர் பவுல் ஜெயித்தவர்கள். அவருக்குக் கிடைக்காதது அவர் வளர்த்த நால்வருக்குக் கிடைத்தது. ஆனால் நால்வரையும் அவரே செதுக்கினார் என்று சொல்லிவிட முடியாது. டஞ்சிக்கு சக் நோல் ஒரு பெரிய ஆசான், ஏரியன்ஸ் அதற்கு முன்பே அலபாமா பல்கலைக்கழகத்தில் 'பேர்' பிரயண்ட் என்ற பயிற்சியாளரிடம் வேலை பார்த்தவர். கவர் மட்டும் முழுக்க மார்ட்டியின் பிள்ளை. ஆட்டக்காரராக அவரிடம் ஆடியவர், பயிற்சி வேலையில் அவர் சேர்த்துக்கொண்டவர், கான்சஸ் சிட்டியில் தடுப்பாட்டத்தின் பொறுப்பை அவரிடமிருந்து பெற்றவர். 1994 ஜனவரியில் கவர் நடத்திய பிட்ஸ்பர்க் அணியை மார்ட்டி கூடுதல் நேரத்தில் தோற்கடித்தார். இன்று ஹாலில் இருப்பது கவர்.

சரி, பிறகு எதை வைத்துத்தான் எடை போடுவது? என்ன நிலையில் ஓர் அணியைக் கையில் வாங்கினார், அங்கே என்ன செய்தார் என்று பாருங்கள். 1984-இன் நடுவில் பிரவுன்ஸை 1-7 என்ற நிலையில் எடுத்தார். அடுத்த நான்கு சீசனிலும் பிளேஆஃப். வாஷிங்டனில் முதல் ஐந்து ஆட்டமும் தோற்று, 8-8 என்று முடித்தார். சீஃப்ஸ் அவர் வருவதற்கு முந்தைய 17 சீசனில் பிளேஆஃபைப் பார்த்தது ஒரே முறை, அவருடைய பத்து வருடத்தில் ஏழு முறை. அவர் காலத்தில் 1994 ஜனவரியில் பிளேஆஃபில் ஹூஸ்டனை ஜெயித்த பிறகு சீஃப்ஸ் தன் அடுத்த பிளேஆஃப் வெற்றியைப் பார்த்தது 2016 ஜனவரியில். 21 சீசனில் தோல்வி மிகுந்தவை இரண்டுதான். லீக் ஆட்டங்களில் 200 வெற்றியைத் தொட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஷூலா, ஹாலஸ், லாண்ட்ரி, லாம்போ நால்வரும் கேன்டனில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மார்ட்டியும் அங்கே இருக்க வேண்டும். கோரியெல் போனதால் இவரும் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த வேலையே போதும்.

அல்சைமர் நோயில் அவர் கழித்த கடைசி வருடங்களையும் வாதத்தில் இழுக்க வேண்டாம், அனுதாபம் தகுதி ஆகாது. ஆனால் "அவசரம் என்ன, ஒருநாள் கிடைக்கும்" என்று தள்ளிப்போடுவதும் தவறுதான். ஜார்ஜ் ஆலன் இறந்து ஏறக்குறைய 12 வருடம் கழித்து உள்ளே போனார், கோரியெல் இறந்து 13 வருடம் கழித்து. இரண்டு சூப்பர் பவுல் ஜெயித்தும் பல காலம் காத்திருந்த டாம் ஃப்ளோரஸ் தேர்வான செய்தி 2021 பிப்ரவரி 6 அன்று வந்தது. ஆகஸ்டில் 84 வயதில் மேடையேறித் தன் சிலையை அவரே திறந்துவைத்தார். மார்ட்டி அந்த பிப்ரவரி 8 அன்று காலமானார்.