சலீம் எங்கே போனான்? வகுப்பில் டெட்டோடு துப்புத் துலக்க

ஷிவான் டௌட் எழுதி 2007-இல் வெளிவந்த ‘தி லண்டன் ஐ மிஸ்டரி’ என்ற துப்பறியும் நாவலை 10, 11 வயதுப் பிள்ளைகளோடு வாசித்தால், முதல் சிக்கல் மர்மத்தில் வராது, கதை சொல்லும் சிறுவன் டெட்டிடம்தான் வரும். அவன் கை உதறுவதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள், இல்லையென்றால் “அவனுக்கு என்ன வியாதி?” என்பார்கள். தொடக்கத்திலேயே ஆட்டிசம் பற்றி விளக்கினால் இந்தச் சிக்கல் இன்னும் அதிகமாகும். அப்புறம் அவன் செய்வதெல்லாம் அறிகுறியாகத்தான் தெரியும். நாவலே அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

எனக்குக் கைகொடுத்தது, துப்பை முன்னால் வைப்பது. டெட்டின் உறவுக்காரப் பையன் சலீம், ‘லண்டன் ஐ’ என்ற ராட்சத ராட்டினத்தின் கூண்டில் ஏறுவது 11:32-க்கு. இறங்க வேண்டியது 12:02-க்கு. அவன் இறங்கி வராத இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு, நால்வருக்கு ஒரு ஏ3 தாள் கொடுக்கலாம். அதில் நான்கு பத்திகள்: நேரம், பார்த்தவர், பிறர் சொன்னது, டெட் கவனித்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஊகமெல்லாம் சாட்சியாகிவிடும். பிறகு டெட்டின் எட்டு ஊகங்களைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பொருந்தாததைக் காரணத்தோடு அடித்துவிடச் சொல்ல வேண்டும். நான்காம் பத்தி நிரம்ப நிரம்பச் சிரிப்பு அடங்கும். அவன் கண்ணை நம்பித்தானே வழக்கே நகர்கிறது!

புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பக் கூடாது; ஒருவர் முடிவைப் படித்துவிட்டால் தாள் வீண்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளை இருந்தால் “உனக்கும் இப்படியா?” என்று ஆசிரியர் உட்பட யாரும் கேட்கக் கூடாது. அந்தப் பிள்ளையே சொல்ல விரும்பினால் சொல்லட்டும், எழுதியும் தரட்டும். குழுவின் இரைச்சல் தாங்காதவர்கள் அதே தாளைத் தனியாக நிரப்ப, மூலையில் ஒரு மேசை போதும்.