பழைய பெட்டியில் கிடைத்த பட்டாளத்து பேட்ஜ்: எந்தப் படையுடையது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பாட்டாவின் டிரங்குப் பெட்டியில் கறுத்துப்போன பித்தளை பேட்ஜ் ஒன்று கிடைத்தால், உடனே புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளியின் அமிலமும் பிராஸோ பாலிஷும் மேல்பூச்சையும் மெல்லிய எழுத்துகளையும் அரித்துவிடும். அடையாளம் காண அந்த எழுத்துகள்தான் வேண்டும். ஈரமில்லாத மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். பச்சைக் களிம்பு எழுத்தை மறைத்தால் மட்டும் தென்னை ஈர்க்கின் முனையால் மெல்ல எடுங்கள். ஊசியோ கத்தியோ படக்கூடாது.

பிறகு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் எழுத்து தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டித் தெரியும்.

சின்னத்தைப் பார்க்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். நீளமான ஒற்றை நாக்குத் தகடோ இரண்டு வளையங்களோ இருந்து, 4, 5 சென்டிமீட்டர் அளவும் இருந்தால் பெரும்பாலும் தொப்பி பேட்ஜ். அதே சின்னம் ஏறக்குறைய பாதி அளவில் இருந்தால் காலர் பேட்ஜ். அது ஜோடியாக வரும், இன்னொன்றையும் தேடுங்கள். வெறும் எழுத்துகள் மட்டும் உள்ள வளைந்த பட்டை தோள்பட்டைக்கு உரியது. உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய தகடு என்றால் அரசு அலுவலகச் சேவகரின் டவாலி வில்லையாகவும் இருக்கலாம். பின்பக்கம் சொரசொரப்பாக இருப்பதாலேயே போலி என்று ஒதுக்க வேண்டாம். பித்தளையை உருக்கி வார்த்து உள்ளூரிலேயே செய்த உண்மையான பேட்ஜுகளும் உண்டு.

அடுத்து கிரீடம். காலத்தைச் சொல்வது அதுதான். மேல்வளைவு நடுவில் குழியாமல் உருண்டு உயர்ந்திருந்தால் 1901-க்கும் 1952-க்கும் இடைப்பட்ட மன்னர் காலத்தது. நடுவில் குழிந்திருந்தால் விக்டோரியா காலமாகவோ, 1953-க்குப் பிந்திய பிரிட்டிஷ் பேட்ஜாகவோ இருக்கும். அசோகச் சிங்கம் இருந்தால் 1950 ஜனவரி 26-க்குப் பிந்தியது.

கிரீடமும் இல்லை, சிங்கமும் இல்லை, சங்கு இருக்கிறது என்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தனியாக யோசிக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாம் சென்னை மாநிலத்தோடு இல்லை, திருவிதாங்கூர் பக்கம் இருந்தோம். சங்கு திருவிதாங்கூர் அரசின் முத்திரை. திருவிதாங்கூர் நாயர் இன்ஃபன்ட்ரி போன்ற படைப்பிரிவுகளின் சின்னத்தில் அது வரும். ஆனால் அஞ்சல் முதலான சிவில் துறைகளும் அதே சங்கைப் பயன்படுத்தின. ஆகவே சங்கை மட்டும் பார்த்து ‘பட்டாளம்’ என்று முடிவு கட்டாதீர்கள். கீழே உள்ள எழுத்தை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அந்த நாயர் இன்ஃபன்ட்ரியின் முதல் பட்டாலியன் பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-ஆவது பட்டாலியன் ஆயிற்று, இரண்டாவது 16-ஆவது ஆயிற்று. ஒரே மனிதரின் பெட்டியில் சங்கும் மெட்ராஸ் ரெஜிமென்டின் யானைச் சின்னமும் சேர்ந்து கிடைத்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

யானையிலும் கவனம் வேண்டும். கேடயம், குறுக்கு வாள்கள், யானை மூன்றும் சேர்ந்தால் மெட்ராஸ் ரெஜிமென்ட். 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவாக வந்த யானை அது. அதே போருக்காக ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியும் யானையை அணிந்தது. அந்த பேட்ஜில் ஊதுகொம்பும் நட்சத்திரமும் இருக்கும்.

இங்கே அடிக்கடி ஏமாற்றும் இன்னொன்று இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ சபையின் சின்னம். கிரீடம், குறுக்கு வாள்கள், சூரியக் கதிர்கள் எல்லாம் இருப்பதால் படை பேட்ஜ் போலவே தெரியும். நடுவில் சிலுவையும் ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் பின்னியிருந்தால் அதுதான். அந்தச் சபையில் கேப்டன், மேஜர் என்ற பட்டங்களும் உண்டு. ஆகவே பழைய கடிதத்தில் ‘கேப்டன்’ என்று கண்டாலும் அவசரப்பட வேண்டாம்.

பேட்ஜ் படைப்பிரிவைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. கூடவே பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். அவற்றில் வழக்கமாக வெள்ளியில் வரும் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெண்கலத்தில் இருந்தால் அவர் தொழிலாளர் படையில் போயிருக்கலாம். அதைப் போலி என்று வீசிவிடாதீர்கள்.

பதக்கமும் இல்லையென்றால் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் தாள், பழைய மணியார்டர் ரசீது ஆகியவற்றில் படை எண்ணைத் தேடுங்கள். எண் கிடைத்தால் அந்தப் பிரிவின் ஆவணக் காப்பு அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். திருவிதாங்கூர் அரசுப் பணி என்றால் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

கடிதத்தில் தந்தை பெயர், ஊர், பழைய தாலுகா (அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு) எல்லாம் எழுதுங்கள். 1956-க்கு முன் சேர்ந்தவர் என்றால் மாவட்டம் கன்னியாகுமரி என்று பதிவில் இருக்காது; திருவிதாங்கூர் என்று குறிப்பிடுங்கள். ஊர்ப்பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்துக் கொடுங்கள். குளச்சலை ‘கொலாச்சல்’ என்றும் இரணியலை ‘எரானியல்’ என்றும் பதிந்திருப்பார்கள். படமும் நகலும் மட்டும் அனுப்புங்கள், அசல் பேட்ஜ் வீட்டிலேயே இருக்கட்டும்.