அம்மாவின் டர்னை நீங்கள் ஆடாதீர்கள்

எங்கள் சாஃப்ட்வேர் டீமில் திடீரென்று போர்டு கேம் காய்ச்சல். மதியச் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. இப்போது ஆளாளுக்கு ஆன்லைனில் பெட்டி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். திங்கட்கிழமை ஸ்டாண்டப் (டீமின் காலைக் குட்டி மீட்டிங்) முடிந்ததும் ஒரே புலம்பல்தான்: "வீட்ல யாரும் ரெண்டாவது தடவை உட்கார மாட்டேங்கிறாங்க." என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் நான் ஒரு காலத்தில் செய்து தீர்த்த அதே வேலைகள். காய் தொலைவது, பெட்டி கிழிவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதற்கெல்லாம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை.

விதிப்புத்தகத்தை உரக்க வாசிப்பது

வாங்கிய அன்றே பெட்டியைப் பிரித்து, எல்லோரையும் சுற்றி உட்காரவைத்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பார்கள். நான்காவது பக்கத்தில் மாமனார் செய்தித்தாளை எடுத்துவிடுவார். விதிப்புத்தகம் ரெஃபரன்ஸ் மாதிரி. சந்தேகம் வந்தால் புரட்டுவதற்கு. முந்தின இரவே தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் ஆடுவதுபோல இரு பக்கமும் நீங்களே ஆடிப் பாருங்கள்.

சொல்லும்போது ஜெயிப்பது எப்படி என்பதில் தொடங்குங்கள். கட்டான் என்ற ஆட்டம் என்றால், "முதலில் 10 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார்." அடுத்து, ஒரு டர்னில், அதாவது தன் முறை வரும்போது, என்னென்ன செய்யலாம். மற்றதை ஆட ஆட சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒருவரை நஷ்டப்படுத்தும் விதியை மட்டும் ஒளித்துவைக்கக் கூடாது. கட்டானில் 7 விழுந்தால், 7 கார்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு டைஸில் மொத்தம் 36 சேர்க்கை, அதில் 6 சேர்க்கைக்கு 7 வரும். அதாவது, சராசரியாக ஆறு வீச்சுக்கு ஒன்று. கார்டைச் சேர்த்து வைத்திருக்கும் பெரியவரிடம் 7 விழுந்த பிறகு இந்த விதியைச் சொன்னால், அன்றைக்கு இரவுச் சாப்பாடு வரை அதே பேச்சுதான்.

முதல் வாரமே மூன்று மணி நேர ஆட்டம்

வேண்டாம். சீக்கிரம் முடிகிற ஆட்டங்களாக, கார்கசோன், டிக்கெட் டு ரைடு, அசூல் போதும்.

அடுத்தவர் டர்னை ஆடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். இது கூட்டுறவு ஆட்டங்களில் வரும் வியாதி. எல்லோரும் ஒரே அணி, எதிராளி அந்தப் போர்டு. அதிகம் தெரிந்த ஒருவர் மெதுவாக எல்லோருடைய டர்னையும் தானே ஆடத் தொடங்கிவிடுவார்.

டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பேண்டமிக் வாங்கி அம்மா, அப்பா, தங்கையுடன் ஆடினான். மேட் லீகாக் வடிவமைத்து 2008இல் வெளிவந்த ஆட்டம் அது. உலக வரைபடத்தில் நான்கு நோய்கள் பரவும். நான்குக்கும் மருந்து கண்டுபிடித்தால் ஜெயம். ஒரு டர்னில் ஒருவருக்கு 4 செயல்கள். அந்தப் போர்டில் சென்னையும் இருக்கிறது. நோயைக் குறிக்கச் சின்னக் கட்டைகள் வைப்பார்கள்; ஒரு நகரத்தில் ஒரே நோயின் மூன்று கட்டைகள் இருக்கும்போது நான்காவது வர வேண்டியிருந்தால், நோய் வெடித்துப் பக்கத்து நகரங்கள் எல்லாவற்றுக்கும் பரவும். சென்னை வெடித்தால் மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என்று ஐந்து ஊருக்குப் போகும்.

அம்மாவுக்கு மருத்துவர் பாத்திரம். ஒரு ஊரில் இருக்கும் ஒரு நோயின் கட்டைகள் அத்தனையையும் ஒரே செயலில் அவரால் எடுத்துவிட முடியும். அவர் காய் பாங்காக்கில். சென்னையில் மூன்று கட்டைகள். இயல்பாகவே, "நம்ம ஊருக்குப் போறேன்" என்றார். பையன் கொல்கத்தாவில் நின்றுகொண்டிருந்தான். மருந்துக்கு ஒரே நிறத்தில் 5 நகரக் கார்டு வேண்டும், அவனிடம் 4 இருந்தது, ஐந்தாவது அம்மாவிடம் இருந்த கொல்கத்தா கார்டு. "அம்மா, சென்னையை விடு. நேரா கொல்கத்தா வந்து அந்தக் கார்டைக் கொடு." அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவனே காயை நகர்த்திவிட்டான்.

கதையை அவன் பெருமையாகத்தான் சொன்னான். மருந்து கிடைத்தது, நடுவில் சென்னை வெடித்தது, கடைசியில் ஜெயித்தார்கள். நான் ஒரு பேப்பரில் எண்ணிக் காட்டினேன்: பாங்காக்கிலிருந்து சென்னை ஒரு செயல், நோயைத் துடைக்க ஒன்று, கொல்கத்தாவுக்கு ஒன்று, கார்டைக் கொடுக்க ஒன்று. மொத்தம் நான்கு! அம்மா நினைத்ததும் நடந்திருக்கும், கார்டும் வந்திருக்கும். அவன் தன் மருந்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தானே தவிர, அம்மாவின் டர்னை யாருமே யோசிக்கவில்லை. மறுவாரம் பெட்டியை எடுத்தபோது அம்மா சொன்னாராம், "நீயே ஆடிக்கோடா, எனக்கு மாவு அரைக்கணும்."

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: குற்றம் முழுக்க அவன்மேல் இல்லை. எல்லாத் தகவலும் மேஜைமேல் வெளிப்படையாக இருந்து, குறிக்கோளும் ஒன்றாக இருந்தால், ஒரு மூளையே நான்கு பேருக்கும் ஆடிவிடலாம். ஆட்டத்தின் அமைப்பே அதற்கு இடம் கொடுக்கிறது. இதை அடைக்கவென்றே செய்தது போன்ற ஆட்டங்களும் உண்டு. 2013இல் ஸ்பீல் டெஸ் யாரெஸ் (ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்குத் தரும்) விருது வாங்கிய ஹனாபியில் உங்கள் கார்டு உங்களுக்கே தெரியாது. மற்றவர்கள் பார்க்கும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும், குறிப்பு கொடுக்கவும் 8 டோக்கன்தான். தி க்ரூ என்ற கார்டு ஆட்டத்தில் கையில் இருப்பதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. ஒரு கார்டைக் காட்டி ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். வீட்டில் வாய் அதிகமுள்ள ஆள் நீங்கள்தான் என்றால் இவற்றில் தொடங்குங்கள்.

பேண்டமிக்தான் ஆட வேண்டும் என்றால் ஒரு ஏற்பாடு: அதிகம் தெரிந்தவர் கடைசியில் பேச வேண்டும், அதுவும் கேட்டால் மட்டும். கேட்டாலும் பதில் சொல்லாமல், "உங்க நாலு செயலும் எதெதுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். காயை மட்டும் தொடாதீர்கள். தோற்றால் தோற்கட்டும், மறுபடி கலைத்து அடுக்க ஐந்து நிமிடம்.

இப்படி அடுத்தவர் டர்னை ஆடுபவர் ஆபீஸில் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்தவர் எழுதிய கோடைச் சரிபார்க்கும் கோடு ரிவ்யூவில் "இது தப்பு" என்பதோடு நிற்காமல் முழு ஃபங்ஷனையும் கமெண்டிலேயே எழுதிக் கொடுப்பார். புதியவரோடு பேர் புரோகிராமிங் (இருவர் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டரில் கோடு எழுதுவது) உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் கீபோர்டு அவர் பக்கம் வந்திருக்கும். அன்றைக்கு பக் சரியாகிவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் புதியவர், சிஸ்டத்தில் என்ன நடந்தது என்று பதிவாகும் லாகை எங்கே பார்ப்பது என்றுகூடக் கற்றிருக்க மாட்டார். அடுத்த முறை அதே சர்வீஸ் ராத்திரி இரண்டு மணிக்குக் கவிழ்ந்தால் போன் யாருக்கு வரும்? கீபோர்டைப் பிடுங்கியவருக்குத்தான். அப்புறம் "ஜூனியர்களுக்குப் பொறுப்பே இல்லை" என்று கேன்டீனில் அங்கலாய்ப்பார்.

வீட்டில் எனக்கே இது நடக்கிறது. நான் தோசை ஊற்றப் போனால் இரண்டாவது தோசைக்குள் என் மனைவி கரண்டியை வாங்கிவிடுவார். எனக்கு இன்றுவரை தோசை வட்டமாக வராது. வருவதற்கு வழியே இல்லை.

விதியைப் படிக்காமலே திருத்துவது

மொனாப்பலி முடியவே முடியாது என்று குறை சொல்பவர்களிடம் ஒன்று கேட்பேன்: ஏலம் விடுகிறீர்களா? ஒருவர் வந்து நின்ற இடத்தை வாங்கவில்லையென்றால், அதை உடனே எல்லோருக்கும் ஏலம் விட வேண்டும் என்பது அசல் விதி. முக்கால்வாசி வீடுகளில் அது கிடையாது. பதிலாக, ஃப்ரீ பார்க்கிங் என்ற கட்டத்தில் நின்றால் அபராதப் பணம் மொத்தமும் கிடைக்கும் என்று ஒரு விதி எங்கிருந்தோ வந்திருக்கும். திவாலாக வேண்டிய ஆளுக்கு மேலும் மேலும் பணம் கொடுத்தால் ஆட்டம் எப்படி முடியும்? டாக்குமென்டேஷன் படிக்காமல் பேட்ச் போட்ட கோடு அது. முதல் இரண்டு முறை அசல் விதிப்படியே ஆடுங்கள். அதன்பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள், அல்லது பெட்டியையே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

ஆன்கால் வாரத்தில் ஆட்டம்

வைக்காதீர்கள். சர்வீஸ் கவிழ்ந்தால் போன் உங்களுக்கு வரும் வாரம் அது. ஒரு கண் போனில் இருக்கும்.

குழந்தையிடம் வேண்டுமென்றே தோற்பது

ஏழு வயதில் கண்டுபிடித்துவிடுவார்கள். என் மகள், "அப்பா, நீ சும்மா ஆடுற" என்று காயைப் போட்டுவிட்டு எழுந்துபோனாள். சலுகை கொடுப்பதென்றால் வெளிப்படையாகக் கொடுங்கள்: அவளுக்கு இரண்டு புள்ளி முன்னதாக, அல்லது எனக்கு ஒரு கார்டு குறைவாக. அதற்குப் பிறகு முழு மூச்சாக ஆடுங்கள். பல்லாங்குழியில் எங்கள் பாட்டி பேரன் பேத்தி என்று யாருக்கும் ஒரு சோழிகூட விட்டுக்கொடுத்ததில்லை. ஆனாலும் லீவு முழுக்க அவரைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம்.

நொறுக்குத்தீனி

பொரி, கடலை. பஜ்ஜி ஆட்டம் முடிந்த பிறகு.