நாவல், விளா நாற்று வளர்ப்பது எப்படி? மண்கலவை முதல் யூரியா வரை

திருநெல்வேலிச் சீமையில் ஆனி, ஆடி பிறந்து நாவல்பழம் கூறுகட்டி விற்க வந்ததும் கொட்டைகளைச் சேர்த்து வையுங்கள். நாற்று போட அதுதான் காலம். நாவல் விதை காயவைத்து எடுத்துவைக்கிற விதை அல்ல. ஈரம் போனால் முளைப்பும் போய்விடும். தின்ற இரண்டு மூன்று நாளுக்குள் சதையைக் கழுவி ஊன்றிவிட வேண்டும். விளா அவ்வளவு அவசரப்படுத்தாது. பழுத்த சதையைத் தண்ணீரில் கரைத்து விதையைப் பிரித்து, ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும்.

முதலில் மண்கலவை

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். மணலுக்காகத் தாமிரபரணியில் கை வைக்காதீர்கள். கட்டட வேலையில் மிஞ்சிய மணலைச் சலித்துப் போட்டால் போதும். கடல் மணல் உப்பு, கூடவே கூடாது.

கலவையை லேசாக நனைத்து ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தொட்டதும் உதிர வேண்டும். உதிரவில்லையென்றால் இன்னும் மணல் சேருங்கள்.

தென்னைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் பலரும் நார்க்கழிவை அப்படியே நாற்றுப் பையில் நிரப்பிவிடுகிறார்கள். நாற்று வெளிறிப் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பச்சை நார்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிச்சத்து (கார்பன்) 100 பங்குக்கு மேல். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைப் பையிலிருக்கும் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. வேளாண் பல்கலைக்கழக முறைப்படி ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் மக்கவைக்க வேண்டும். நிறம் கறுத்து, மழை பெய்த மண் வாசனை வந்தால் தயார். தொழுவுரத்தில் பாதிக்குப் பதில் இதைச் சேர்க்கலாம். ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்கும்.

விதைப்பு

அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட பையில் கலவையை நிரப்பி, முதல்நாளே தண்ணீர் விட்டு அமரவிடுங்கள். நாவல் கொட்டையை ஓர் அங்குலத்துக்கு உள்ளாகவும், விளா விதையை அரை அங்குல ஆழத்திலும் ஊன்றலாம். இரண்டுமே இரண்டு மூன்று வாரத்தில் தலைகாட்டும். ஒரே நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது இயல்பு. திடமானதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசையும்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் இருப்பவர்கள் ஆடிக்காற்றை மறக்கக்கூடாது. காற்றாலையைச் சுழற்றுகிற அதே காற்று பை மண்ணை மத்தியானத்துக்குள் உலர்த்திவிடும். மேற்கே ஓலைத்தட்டி கட்டி, நிழலில் வையுங்கள்.

தழைச்சத்து எப்போது, எவ்வளவு?

முளைத்ததும் உரம் வேண்டாம். விதையில் இருக்கிற உணவே அப்போதைக்குப் போதும். நான்கைந்து இலை விரிந்த பிறகு தொடங்குங்கள். 10 லிட்டர் வாளித் தண்ணீரில் 20 கிராம் யூரியா. கண்ணளவில் அள்ளாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, கொஞ்சம் கூடினாலும் இளவேர் கருகும். பை ஈரமாக இருக்கும்போது, சாயங்காலம், ஒரு பைக்கு 50 மில்லி வீதம் தண்டில் படாமல் ஊற்றுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். யூரியா வேண்டாம் என்பவர்கள் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரை நன்கு நீர்விட்டு ஊற்றலாம். அதிலும் ஏறக்குறைய 7 சதவீதம் தழைச்சத்து உண்டு, ஆனால் பலன் மெதுவாகத்தான் தெரியும்.

இலையைப் பார்த்து உரம் போடப் பழகுங்கள். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. கொழுந்திலை மட்டும் வெளிறி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணிலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரிலும் இது அடிக்கடி வரும், யூரியா போட்டுப் பயனில்லை. கரும்பச்சையாகக் கிடுகிடுவென வளர்ந்து தண்டு சாய்ந்தால் தழைச்சத்து கூடிவிட்டது, உடனே நிறுத்துங்கள்.

பையின் அடித்துளையில் வேர் எட்டிப்பார்த்தால் பெரிய பைக்கு மாற்றுங்கள். இங்கே நடவுக்கு ஏற்றது வடகிழக்குப் பருவமழை. அடுத்த ஆண்டு ஐப்பசியில் நடுவதாக இருந்தால் ஆவணி முடிவோடு யூரியாவை நிறுத்தி, நிழலைப் படிப்படியாகக் குறைத்து, தண்ணீரையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குங்கள். நடும்போது பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை மட்டும் வெட்டிவிட்டுக் குழியில் இறக்குங்கள்.