பழைய கத்தியை ஆன்லைன் ஏலத்தில் எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆன்லைன் ஏலத்தில் ஒரு பிச்சுவா எடுத்தேன். 'பாளையக்காரர் காலத்துக் குத்துவாள், திருநெல்வேலிச் சீமை' என்று போட்டிருந்தார்கள். கறுத்த அலகு, பித்தளைப் பூண், பிடியில் மயில் வேலைப்பாடு. கடைசி நிமிஷத்தில் இரண்டு பேரோடு மல்லுக்கட்டி 14,500 ரூபாய்க்கு எடுத்தேன். பார்சல் வந்த மறுநாளே சேரன்மகாதேவிப் பக்கம் எனக்குப் பழக்கமான கொல்லாசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பிடியையும் மயிலையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியின் முதுகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பிடியிலிருந்து நுனி வரை ஒரு தடவை கண்ணை ஓட்டினார். "தம்பி, இது லாரிப் பட்டைல்லா. அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே கனம், பாத்தீங்களா? பட்டையை வெட்டி ஓரத்தை மெஷின்ல சீவியிருக்கான்" என்றார்.

அன்றைக்குப் படித்த பாடம் இன்றுவரை உதவுகிறது. முன்பெல்லாம் இரும்பு விலை கூடிய பொருள். ஆசாரி அதை உலையில் பழுக்கவைத்து, சம்மட்டியால் அடித்து அடித்து இழுப்பார். அதனால் முதுகு பிடிப் பக்கம் தடித்தும் நுனிப் பக்கம் மெலிந்தும் இருக்கும். பல பழைய அருவாள்களில் உடம்பு முழுக்க மெல்லிரும்பாகவும், வாய்ப்பகுதியில், அதாவது வெட்டும் ஓரத்தில், மட்டும் எஃகு வைத்து அடித்தும் இருப்பார்கள். இரண்டும் சேர்ந்த இடம் லேசான கோடாகத் தெரியும். லாரிப் பட்டை என்பது லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை. அது மோட்டார் வண்டி வந்த பிறகுதான் பட்டறைக்கு வந்தது. இன்றைக்கும் நம்மூரில் நல்ல அருவாளுக்கு அதுதான் இரும்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதையே 200 வருஷப் பொருள் என்று விற்பதுதான் மோசடி.

ஆக, முதல் தவறு கதைக்குக் காசு கொடுப்பது. நம்ம பக்கத்துக் கத்திகளுக்கு இரண்டு கதை அடிக்கடி கட்டுகிறார்கள்.

ஒன்று, பாளையக்காரர் கதை. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. 1801-ல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) பாளையங்களின் கோட்டைகளை இடித்து, ஆயுதங்களைப் பறித்து, ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தார்கள். அப்படி இருக்க, அந்தக் காலத்து ஆயுதம் வாரத்துக்கு நாலு என்று ஏலத்துக்கு வருமா? எந்த வீட்டிலிருந்து, யார் கை மாறி வந்தது என்று கேளுங்கள். 'ஒரு ஜமீன் குடும்பம்' என்பதற்கு மேல் பதில் வரவில்லை என்றால் அது வெறும் கதை.

இன்னொன்று ஆதிச்சநல்லூர், சிவகளைக் கதை. அகழாய்வில் முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஊர்கள் அவை. 'தாழியில் கிடைத்த இரும்புக் கத்தி' என்று யாராவது விற்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த இரும்பு பெரும்பாலும் துருவாகவே மாறியிருக்கும். ஏடு ஏடாக உதிரும். பளபளக்கும் வாயோடு அது வெளியே வராது. ஒருவேளை உண்மையாகவே அங்கே தோண்டி எடுத்ததாக இருந்தால் அதைவிட மோசம். மண்ணில் கிடைத்த புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. தோண்டித் திருடிய பொருளுக்கு நாம் காசு கொடுத்தால், அடுத்த குழி தோண்ட நாமே கூலி கொடுத்த மாதிரி ஆகும். பொருநைக் கரையில் பிறந்தவர்கள் அந்த வேலையைச் செய்யக்கூடாது.

'டமாஸ்கஸ்' என்ற சொல்லையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கொடுமணல் போன்ற ஊர்களில் மூசையில் (உலோகம் உருக்கும் மண் குகையில்) உருக்கிய எஃகுக்கு உலகப் பெயர் இருந்தது உண்மை. அந்த எஃகிலேயே நீரோட்டம் போன்ற கோடுகள் இயற்கையாக அமையும். டமாஸ்கஸ் என்று பெயர் வாங்கியது அந்தக் கோடுகள்தான். இன்று டமாஸ்கஸ் என்று குவியல் குவியலாக விற்பது இரண்டு விதமான எஃகை அடுக்கி ஒட்டி அடித்து, அமிலத்தில் நனைத்துக் கோடு எடுத்தது. சிலர் அதைக்கூடச் செய்யாமல் மேலே அமிலத்தால் கோலம் மட்டும் போட்டு விடுகிறார்கள். கொஞ்சம் தேய்த்தால் போய்விடும்.

சரி, அப்போது எதைத்தான் வாங்குவது? என் அபிப்பிராயத்தில் நம்ம மண்ணின் உண்மையான பழம்பொருள் உழைத்த கத்திகள்தான். குத்துவாளையும் வீச்சருவாளையும் தேடி ஓடுகிறவர்கள் பாளை அருவாளைக் கவனிப்பதே இல்லை. பனையேறிகள் பாளை சீவும் அருவாள் அது. அலகு மெல்லிசு, வாய் சவரக்கத்தி மாதிரி இருக்கும். தீட்டுப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவித் தீட்டுவார்கள். இடுப்பில் கட்டும் அருவாப்பெட்டிக்குள் வைத்து மரம் ஏறுவார்கள். தீட்டித் தீட்டியே அலகின் அகலம் பாதியாகப் போயிருக்கும். தேய்ந்த அலகைக் கண்டதும் 'பழுது' என்று தள்ளிவிடுவது பெரிய தவறு. அந்தத் தேய்மானம்தான் அதன் வயசுக்குச் சாட்சி.

பாக்குவெட்டியும் அப்படித்தான். பழையதில் எஃகு வாய் பிறை மாதிரித் தேய்ந்திருக்கும், ஆணி லேசாக ஆடும், கட்டைவிரல் படும் இடத்தில் பித்தளை வழுவழுத்து வேலைப்பாடு மங்கியிருக்கும். புதிதாக வார்த்து விற்பதில் வேலைப்பாடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் மழுங்கலாக இருக்கும். ஆணிக்குப் பதில் போல்ட்டு இருக்கும். வாய் பாக்கை நசுக்குமே தவிர வெட்டாது.

தேடும்போது சரியான பெயரை மட்டும் போட்டுத் தேடுவதும் ஒரு தவறு. வெளிநாட்டு விற்பனையாளர்களுக்கு நம் பொருள்களின் பெயர் தெரியாது. 'கிழக்கத்திய குத்துவாள்' என்ற தலைப்பில் கிடந்த ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு முனையில் ஊசி, மறு முனையில் சின்னக் கத்தி. ஓலையை வாருவதற்குக் கத்தி, எழுதுவதற்கு ஊசி. நம்ம எழுத்தாணி! வேறு யாரும் ஏலம் கேட்கவில்லை. ஆனால் கூர்க் பீச்சாங்கத்தியையும் இலங்கைக் கத்தியையும் 'தென்னிந்தியா' என்று பொதுவாகப் போட்டு விற்கிறார்கள் என்பதால், இந்த வேட்டையில் ஏமாறவும் இடம் உண்டு.

படத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஏலம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே கேட்க வேண்டிய படங்களைக் கேட்டு வாங்குங்கள். முதுகு முழுவதும் தெரியும் படம், அலகும் பிடியும் சேரும் இடம், நுனி, பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு பக்கம். அளவுகோலைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், எடையைக் கிராமில் கேளுங்கள். பழைய துரு காப்பிக்கொட்டை நிறத்தில் அலகோடு ஒட்டிக் கிடக்கும், நடுநடுவே குழி விழுந்திருக்கும். உப்புத் தண்ணீரும் வினிகரும் ஊற்றி ஒரு வாரத்தில் ஏற்றிய துரு செங்கல் பொடி மாதிரி எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். பிடிக்குள் அலகைப் பழைய ஆசாரிகள் அரக்கு உருக்கி ஊற்றி நிறுத்துவார்கள். அங்கே கண்ணாடி மாதிரிப் பசை பிதுங்கியிருந்தால், பிடி பிற்காலத்தில் மாற்றியது என்று பொருள். பிடி மாறியது குற்றமில்லை, விலையில் அது தெரிய வேண்டும். அலகு அவ்வளவு துருவேறி, பிடியின் விளிம்புகள் மட்டும் கூர் மழுங்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சட்டம் தெரியாமல் இறங்குவது எல்லாவற்றையும்விட ஆபத்து. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த கத்திகள் 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதமாகக் கருதப்படாது. வாள், குத்துவாள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள மற்றக் கத்திகள் வேறு கணக்கு. அரசு அறிவித்த பகுதிகளில் அவற்றுக்கு உரிமம் வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் நிறுத்திவைக்கவும் வாய்ப்பு அதிகம். 100 வருஷம் தாண்டிய கலைப்பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பிடி யானைத் தந்தம், மான் கொம்பு என்றால் இன்னும் சிக்கல், வனவிலங்குச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம். எருமைக் கொம்பிலும் மாட்டெலும்பிலும் செய்த அருமையான பிடிகள் இருக்கின்றன.

நம்ம ஊரில் இதற்கு மேலும் ஒரு ஜாக்கிரதை தேவை. அருவாளைத் தூக்கிப் பிடித்து ரீல்ஸ் போட்டுக் கைதானவர்களைச் செய்தியில் பார்க்கிறோம். 2021-ல் பட்டறைகளில் வாங்குவோர் விவரத்தைக் குறித்து வைக்கச் சொன்னது போலீஸ். சேகரிப்பை பைக்கில் எடுத்துக்கொண்டு போய் நண்பர்களிடம் காட்ட வேண்டாம். பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வரட்டும். ஏலப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, பார்சல் விவரம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

பணத்தில் செய்யும் தவறு எல்லோருக்கும் பொது. ஈபே போன்ற தளங்களில் உங்கள் உச்ச விலையைக் கொடுத்துவிட்டால் இயந்திரமே தேவைக்கு ஏற்பப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். அதை விட்டுவிட்டு நூறு நூறாக நாமே ஏற்றினால் வெறி பிடித்துவிடும், அந்தப் பிச்சுவா ஏலத்தில் எனக்கு வெறி பிடித்த மாதிரி. ஏல நிறுவனம் என்றால் கேட்ட விலைக்கு மேல் 20, 25 சதவீதம் வாங்குபவர் கட்டணம் இருக்கும். 10,000 ரூபாய்க்கு எடுத்தால் 12,500 வரை ஆகிவிடும். அதற்கு மேல் ஜிஎஸ்டி, கூரியர், வெளிநாடு என்றால் சுங்க வரி. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டு உட்காருங்கள். வாட்ஸ்அப் குழு ஏலத்தில் முன்பணத்தை யுபிஐயில் அனுப்பச் சொன்னால் வேண்டாம். பார்சலைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் வீடியோ எடுங்கள்.

பொருள் கைக்கு வந்ததும் செய்யும் தவறுதான் எனக்கு மனசு வலிக்கிற தவறு. உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பார்கள். அரை மணி நேரத்தில் நூறு வருஷத்துக் கறுப்பு போய்விடும், திரும்ப வராது. பித்தளைப் பாக்குவெட்டியைப் புளி போட்டு விளக்கினால் வேலைப்பாடு கரையும், எஃகு வாயையும் புளி அரிக்கும். சாணை பிடிக்கக் கொடுத்தால் கரகரவென்று சக்கரத்தில் வைத்துச் சூடேற்றித் தோய்ச்சலையே, அதாவது ஆசாரி காய்ச்சித் தோய்த்து ஏற்றிய உறுதியையே, கெடுத்துவிடுவார்கள். உதிரும் துருவைப் பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மெல்லிசாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். தோல் உறைக்குள் போட்டு வைத்தால் தோலின் ஈரமும் அமிலமும் அலகைத் தின்னும். உறை தனி, கத்தி தனி. ஐப்பசி மழை தொடங்கும் முன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு தடவை துடைத்து வையுங்கள்.

இன்னொரு காரியமும் பலர் செய்வதில்லை. விற்பவரிடம் பேசுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் திசையன்விளைப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து ஒரு பாளை அருவாள் ஏலத்துக்கு வந்தது. பிடி ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. யாரோ அரம் வைத்துத் தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட இருந்தேன். எதற்கும் கேட்போம் என்று விற்ற அம்மாவிடம் போனில் கேட்டேன். "அப்பாவுக்கு இடது கைப் பழக்கம்யா. ஊர்லயே அவுக ஒருத்தருதான் அந்தக் கையால சீவுவாக" என்றார். 1,800 ரூபாய்க்கு எடுத்தேன். அவர் சொன்னதை அப்படியே ஒரு அட்டையில் எழுதி, நூல் கோத்து, அருவாள் பிடியில் கட்டி வைத்திருக்கிறேன்.